முப்பது பாட்டு வேண்டாம், ஒரு பாட்டு போதும்: ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம்.

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளின் ஆங்கிலத்துக்குப் பயிற்சி என்றால் அதில் பாட்டுக்கு நேரம் இருக்கும். எல்லோரும் எழுந்து நின்று கையை ஆட்டிப் பாடுவோம், கொஞ்சம் சிரிப்போம். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்ஆப் குழுவில் பாட்டு இணைப்புகள் வரிசையாக வந்து விழும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் இந்த வழக்கத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். முப்பது பாட்டுக்குப் பதில் ஒரே பாட்டு. அதை எப்படிப் பாடுவது என்பதோடு, பாட்டிலிருந்து சொல்லை எப்படிக் கழற்றி எடுப்பது என்றும் முழு நேரமும் காட்டுங்கள்.

பாட்டைக் கற்றுக்கொள்வது வேறு, பாட்டில் உள்ள சொல்லைக் கற்றுக்கொள்வது வேறு. ஐப்பசிக்கு முந்தைய மாதம் எது என்று திடீரென்று கேட்டால் பெரியவர்களே சித்திரையிலிருந்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஆங்கில எண் பாட்டு மனப்பாடமான பிள்ளையிடம் 7 எழுதிய அட்டையை நீட்டினாலும் அதேதான் நடக்கும். உதடு 'ஒன், டூ, த்ரீ' என்று முணுமுணுத்துக்கொண்டே போய் 'செவன்' வந்ததும் நிற்கும். எழுத்து வரிசைப் பாட்டில் 'எல், எம், என், ஓ' நான்கும் ஒரே மூச்சில் ஓடுவதால், பல பிள்ளைகளுக்கு அது 'எலமெனோ' என்கிற ஒரே எழுத்து. அமெரிக்கக் காணொலியில் எதுகைக்காகக் கடைசி எழுத்தை 'ஸீ' என்று முடிப்பார்கள். நம் வகுப்பில் அது 'ஸெட்'. பிள்ளைக்கு இரண்டும் இரண்டு எழுத்து ஆகிவிடுகிறது.

மெட்டு என்பது ஒரு கயிறு. சொற்களைக் கோத்துத் தரும், எளிதில் மறக்கவிடாது. அதே கயிறு ஒரு சொல்லைத் தனியே எடுக்கவும் விடாது. பிள்ளைகள் கூடிப் பாடுவதைக் கேட்டுவிட்டு 'வகுப்பு நன்றாக இருக்கிறது' என்று பார்வையேட்டில் எழுதிவிட்டுப் போவது இதனால்தான் ஆபத்து.

எத்தனை சொல் என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு பாட்டில் பிள்ளைக்குப் புதிதாக இருக்கும் சொல் ஐந்து முதல் ஏழு வரை போதும். பத்துக்கு மேல் போனால் பாட்டு இனிக்கும், சொல் நிற்காது. அந்த ஐந்தாறையும் ஒரே இனத்திலிருந்து எடுக்காதீர்கள். நிறங்கள் எல்லாம் ஒரு பாட்டில், பழங்கள் எல்லாம் இன்னொரு பாட்டில் என்று அடுக்குவது நமக்கு ஒழுங்காகத் தெரியும். 'ரெட்', 'க்ரீன்' இரண்டையும் ஒரே நாளில் புதிதாகக் கேட்ட பிள்ளைக்கோ எது எது என்று குழம்பும். 'ஹாட்', 'கோல்ட்', 'லெஃப்ட்', 'ரைட்' போன்ற எதிர்ச்சொற்களும் அப்படித்தான். ஒன்று நன்றாகப் படிந்த பிறகே மற்றதைத் தர வேண்டும். இனத்தை விட்டுவிட்டு ஒரு காட்சியைப் பிடித்தால் இந்தக் குழப்பம் வராது. ஒரு காட்சியில் படகு இருக்கும், மணல் இருக்கும், நண்டு இருக்கும். ஒன்றை மற்றொன்றாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் உள்ள பள்ளிக்கு ஏற்றதாக ஒரு பாட்டு. இரண்டே அடுக்கு:

வேர் இஸ் த போட்? வேர் இஸ் த போட்?
ஆன் த சேண்ட், ஆன் த சேண்ட்.
வேர் இஸ் த நெட்? வேர் இஸ் த நெட்?
ஆன் த போட், ஆன் த போட்.

வேர் இஸ் த ஃபிஷ்? வேர் இஸ் த ஃபிஷ்?
இன் த நெட், இன் த நெட்.
வேர் இஸ் த க்ராப்? வேர் இஸ் த க்ராப்?
இன் த சேண்ட், இன் த சேண்ட்.

இதில் கவித்துவம் தேட வேண்டாம். ஐந்து பொருள், இடம் காட்டும் இரண்டு சொல், ஒரு கேள்வி. 'ஆன்' முதல் வாரம், 'இன்' அடுத்த வாரம். படகு மணல்மேல் இருக்கிறது, நண்டு மணலுக்குள் இருக்கிறது. கடற்கரையில் வளரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம், நண்டு வளையைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். (இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறோம். கரும்பலகையில் அப்படி எழுதாதீர்கள். தமிழெழுத்தில் தொப்பிக்கும் வாடகைக் காருக்கும் ஒரே 'கேப்'தான் வரும்.)

பண்ருட்டிப் பக்கம் இதே கேள்விக்குள் பலாவையும் மரத்தையும் வையுங்கள். விருத்தாசலத்தில் மண்பானையை வைக்கலாம். அங்கே 'பாட்' என்று சொல்லிக்கொடுத்தால் வகுப்பு முழுக்க 'பாட்டு' என்று பதில் வரும், அதற்கும் தயாராக இருங்கள். பனி, கம்பளிக் கையுறை, ஆட்டுக்குட்டி என்று வரும் வெளிநாட்டுப் பாட்டுகள் இனிமையானவைதான். ஆனால் பொருளை மேசைமேல் வைக்க முடியாத சொல்லை ஒன்றாம் வகுப்பில் முதலில் தொடாதீர்கள்.

தேவையானவை: செருப்பு டப்பாவின் மூடி, அதில் இரண்டு கை மணல், செய்தித்தாளில் மடித்த கத்திக் கப்பல், கிழிந்த வலையில் ஒரு சாண் துண்டு, அட்டையில் வெட்டிய மீன், கழுவிக் காயவைத்த நண்டு ஓடு. மொத்தச் செலவு பசைக்கான காசுதான். ஐந்து பேருக்கு ஒரு மூடி இருந்தால் எல்லோர் கையும் படும்.

முதல் நாள் பாட்டே கிடையாது. ஆசிரியர் பொருளின் பெயரைச் சொல்வார், பிள்ளைகள் தொட்டுக் காட்டுவார்கள். வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. சொன்னதைக் கேட்டு முதலில் உடம்பு அசையட்டும், பேச்சு தானாக வரும் என்பது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை. கேட்டுப் பழகாத சொல்லைப் பாடவைத்தால் பிள்ளை மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்த ஒலியை இட்டு நிரப்பும். அந்தத் தப்பு ஒலி ஒட்டிக்கொண்டால் பிறகு உரித்து எடுப்பது கடினம்.

இரண்டாம் நாள் ஆசிரியர் முதல் அடுக்கை மூன்று முறை தனியாகப் பாடுவார். பிள்ளைகள் பாட்டுக்கேற்பக் கப்பலை மணல்மேல் வைப்பார்கள், வலையைக் கப்பல்மேல் போடுவார்கள். மூன்றாம் நாள் ஆசிரியர் 'ஆன் த…' என்று நிறுத்த, கடைசிச் சொல்லை மட்டும் அவர்கள் நிரப்புவார்கள். நான்காம் நாள் பாதி வகுப்பு கேட்கும், பாதி வகுப்பு பதில் சொல்லும், பிறகு மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் 12 முதல் 15 நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

ஐந்தாம் நாள்தான் முக்கியம். பயிற்சியில் அரை மணி நேரம் இதற்கே போனாலும் சரி. ஆசிரியர் கப்பலை எடுத்து வலையின்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல 'வேர் இஸ் த போட்?' என்று பாடுவார். வகுப்பு பழக்கதோஷத்தில் 'ஆன் த சேண்ட்' என்று பாடும். ஆசிரியர் பாட்டை நிறுத்தி மூடியைக் காட்டுவார், வாய் பேசக் கூடாது. ஒரு பிள்ளை 'ஆன் த நெட்' என்று திருத்தும். அந்த இடத்தில்தான் 'நெட்' என்ற சொல் மெட்டைவிட்டு வெளியே வந்து பிள்ளையின் கைக்குச் சொந்தமாகிறது. அடுத்து மீனை மேசைமேல் வையுங்கள், மேசை ஏற்கெனவே தெரிந்த சொல். நண்டு ஓட்டை ஒரு பிள்ளையின் தலையில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் பாட்டு மாற வேண்டும். இந்த ஒரு படி விட்டுப்போனால் மற்ற நான்கு நாளும் இசை வகுப்புதான்.

ஆறாம் நாள் முதல் இரண்டாம் அடுக்கு, அதே வரிசையில். பத்தாம் நாளோடு பாட்டு முடியும். ஆனால் மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை அந்த மூடியை எடுத்து ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். மறக்கத் தொடங்கும் நேரத்தில் நினைவுபடுத்தினால்தான் நிற்கும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் மறதியைப் பற்றி எழுதிய நாளிலிருந்து தெரிந்த சங்கதி இது. ஆனாலும் நம் பாடத்திட்ட ஓட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஐந்து நிமிடம்தான்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலையும் ஒரே அறையில் இருக்கும். அதற்காக மூன்று பாட்டு தேட வேண்டியதில்லை. அரும்பு நிலைப் பிள்ளைகள் தொட்டுக் காட்டட்டும், மொட்டு நிலையினர் கடைசிச் சொல்லை நிரப்பட்டும், மலர் நிலையினர் கேள்வியைப் பாடிப் பொருளை இடம் மாற்றும் வேலையை ஆசிரியரிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இனி ஒலி. இதைப் பயிற்சியில் யாரும் தொடுவதில்லை. தமிழ்நாக்குக்கு வல்லின மெய்யில் சொல்லை முடிக்க வராது, ஓர் உகரம் சேர்ந்துகொள்ளும். பேச்சில் அது சின்ன உகரம். பாட்டில் அடியின் கடைசி ஒலி நீளும்போது அந்த உகரமும் சேர்ந்து நீளும். 'போட்டூ', 'நெட்டூ' என்று வகுப்பே ராகம் இழுக்கும். 'போட்டு' நமக்கு வினையெச்சம், 'நெட்டு' மெக்கானிக் கடையில் போல்ட்டின் துணை. பாட்டு தப்பைத் திருத்தும் என்று நினைக்கிறோம், இந்த ஒரு விஷயத்தில் பாட்டு தப்பைப் பெரிதாக்குகிறது.

இதற்கு ஒரு கைவித்தை உண்டு. தட்டு விழும்போது 'போ', அடுத்த அரைத் தட்டில் ஐந்து விரலையும் மடக்கி முட்டியாக்கி 'ட்'. முட்டி மூடியதும் வாயும் மூடியிருக்க வேண்டும். அடுத்த தட்டு வரை அமைதி. நீட்ட வேண்டிய இடம் நடுவில் உள்ள உயிர், முடிவில் உள்ள மெய் இல்லை. இரண்டு நாளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் முட்டியைக் காட்டித் திருத்தத் தொடங்குவார்கள்.

'ஃபிஷ்' பாதிப் பேருக்கு 'பிஷ்' ஆகும். இது வழக்கமான தகராறுதான்: மேலே சுற்றும் ஃபேனே பல வாய்களில் தலையில் ஊறும் பேன் ஆகிறது. மேல்பல் கீழுதட்டில் பட ஊதச் சொல்லி, வாய்க்கு முன்னால் ஒரு விரல் அகலக் காகிதத் துண்டைப் பிடியுங்கள். 'ப' சொன்னால் காகிதம் ஒரு தடவை எகிறும், 'ஃப' சொன்னால் தொடர்ந்து நடுங்கும். கண்ணால் பார்க்கிற வித்தியாசத்தை ஆறு வயதுப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும்.

அழுத்தம் இன்னொரு வழுக்குமிடம். தமிழில் அசைகள் ஏறத்தாழச் சமமாக ஓடும், ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசைதான் நிமிரும், மற்றவை பதுங்கும். 'வேர் இஸ் த போட்' என்பதற்குப் பிள்ளைகள் நான்கு தட்டு தட்டுவார்கள். இரண்டு தட்டுதான் வேண்டும்: 'வேர்' மேல் ஒன்று, 'போட்' மேல் ஒன்று. நடுவில் உள்ள 'இஸ் த' இரண்டும் இடைவெளிக்குள் ஒடுங்கிப் போகட்டும். இப்படி ஓர் அடிக்கு நான்கு தட்டு, இரண்டு அடிக்கு எட்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, சரியாக நிறையும்.

நீங்களே மெட்டுக் கட்டும்போது அழுத்தமுள்ள அசை தட்டில் விழுகிறதா என்று பாருங்கள். 'எலிஃபன்ட்' முதலசையில் அழுத்தம் பெறும், கும்மியின் மூன்றசை 'தகிட' நடைக்கு அப்படியே பொருந்தும். 'மன்கி' இரண்டசை 'தக'வுக்குள் அடங்கும். 'பனானா' அப்படி வராது, அதில் அழுத்தம் நடு அசையில். 'ப' தட்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும், 'னா'மேல் தட்டு விழ வேண்டும். இதைக் கவனிக்காமல் முதலெழுத்தில் தட்டிப் பழகிய வகுப்பு 'பனானா'வை ஐந்தாம் வகுப்பு வரை தவறாகவே சொல்லும். கும்மி, ஊஞ்சல், தாலாட்டு மெட்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பிள்ளைக்கு மெட்டு பழகியதாக இருந்தால் கவனம் சொல்லுக்குப் போகும். சொல்லை மெட்டுக்காக வளைக்க வேண்டாம், மெட்டை வளையுங்கள்.

பன்மையும் ஒரு கண்ணி. பாட்டில் எப்போதும் 'மன்கீஸ்' என்றே வந்தால், ஒற்றைக் குரங்கைக் காட்டினாலும் 'மன்கீஸ்' என்பார்கள். முதல் பாட்டுகளில் ஒருமையே இருக்கட்டும்.

வேகம்: பல காணொலிப் பாட்டுகள் நிமிடத்துக்கு 120 தட்டு வரை ஓடும். ஏற்கெனவே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கான வேகம் அது. முதல்முறை கேட்கும் பிள்ளைக்கு 70 முதல் 80 வரை சரி. கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடியில் 18 முதல் 20 முறை தட்டினால் அந்த வேகம். பாட்டு பழகிய பிறகு விளையாட்டாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்ருதி: ஐந்தாறு வயதுக் குரல் ஒரு கட்டை ஸ்ருதியில் (பாட்டின் அடிப்படைச் சுரம் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லும் அளவுதான் கட்டை) 'ஸ' முதல் 'த' வரை வசதியாக ஓடும், அதற்குக் கீழே இறங்காது. பெண் ஆசிரியர்கள் தங்களுக்குப் பழகிய, அதற்குக் கீழே உள்ள ஐந்தரைக் கட்டையில் தொடங்கினால் பிள்ளைகள் கீழே எட்டாமல் முணுமுணுப்பார்கள். பாட வரவில்லை என்று அவர்கள்மேல் பழி விழும். கைப்பேசியில் ஒரு ஸ்ருதிப் பெட்டிச் செயலியை வைத்து ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் தொடங்குங்கள். ஐந்து சுரத்துக்குள் மெட்டு முடிந்தால் நல்லது.

பாட வராத ஆசிரியர்கள் கூச்சப்படத் தேவையில்லை. தட்டிக்கொண்டு சந்தமாகச் சொன்னாலே போதும், மேலே சொன்ன எல்லாப் படிகளும் மெட்டில்லாமலே நடக்கும். பயிற்சியில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் திரையை ஓடவிட்டுவிட்டு ஓரமாக நிற்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை, குரல்மேல் நம்பிக்கை இல்லாததுதான். திரைக்கு ஒரு வேலை உண்டு, பழகிய பாட்டை வேறு குரலில் கேட்கவைப்பது. கற்பிக்கிற வேலை அதற்கு வராது. பிள்ளை தப்பாகச் சொன்னால் திரை நிற்காது, கப்பலை இடம் மாற்றாது.

ஈராசிரியர் பள்ளியில் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்ற குறையும் நியாயமானதே. அதற்குக் கிசுகிசுப் பாட்டு இருக்கிறது. மூச்சொலியில் பாடும்போது முடிவில் உள்ள 'ட்', 'ஷ்' எல்லாம் இன்னும் தெளிவாகவே கேட்கும், உகரமும் ஒட்டாது. ஆண்டு விழாவுக்காக இந்தப் பாட்டை மேடையேற்றுவதை மட்டும் தவிர்க்கலாம். ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து யாரும் கப்பலை இடம் மாற்ற மாட்டார்கள்.

பள்ளிப் பார்வைக்கு வரும்போது பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து மூன்று கட்டம் போட்ட தாளில் குறியுங்கள்: பெயரைச் சொன்னால் பொருளைக் காட்டுகிறார், பொருளைக் காட்டினால் பெயரைச் சொல்கிறார், பாட்டில் மட்டும் சொல்கிறார். பத்து நிமிட வேலை. மூன்றாம் கட்டம் மட்டும் நிறைந்திருந்தால், ஐந்தாம் நாள் நடக்கவில்லை என்று பொருள். ஆசிரியரைக் கடிந்துகொள்ள வேண்டாம், அங்கேயே மூடியை வாங்கி அந்தப் படியை நீங்கள் செய்து காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து ஐந்து நாள் படிகளையும் நடத்துங்கள். ஒவ்வொருவரும் தம் ஊருக்கு ஏற்ற ஐந்து சொல்லைப் போட்டு அதே கேள்விக்குப் பாட்டு எழுதிவிட்டுப் போகட்டும். இணைப்புகளுக்குப் பதில், அந்தப் பாட்டுகளை அவரவர் குரலில் பதிவுசெய்து குழுவில் போடச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சொல் முடிவில் உகரம் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க அது போதும்.

மணலும் செருப்பு டப்பா மூடியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்